குடும்பத் தலைவர், கடலூர் கிளை

சிங்கப்பூரின் பொங்கோலில் ரயிலுக்கே ஓட்டுநர் கிடையாது. குடும்பத்துக்கு மட்டும் எதற்குத் தலைவர் என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு. 2003 ஜூன் 20ஆம் தேதி வடகிழக்கு ரயில் தடம் திறந்தபோது, முழுக்க நிலத்தடியில் ஆளில்லாமல் ஓடும் பெரிய ரயில் தடங்களில் உலகத்திலேயே இதுதான் முதலாவது என்று பெருமையாகச் சொன்னார்கள். 2005 ஜனவரியில் எங்கள் இலகு ரயிலும் வந்தது. அதிலும் முன்பக்கம் கண்ணாடிதான், ஆள் இல்லை. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் அந்தக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, வண்டியைத் தாங்களே ஓட்டுவதாக நினைத்துக்கொள்வார்கள். என் வீட்டில் நான் வகிக்கும் பதவி ஏறக்குறைய அதுதான்.

இந்த ஊர் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பன்றிப் பண்ணையும் கோழிப் பண்ணையும் மீன்பிடிப் படகுமாக இருந்த இடம். அந்தக் காலத்து வீட்டுக்காரர் விடியுமுன் எழுந்து முதுகு ஒடிய வேலை செய்திருப்பார். 1996இல் ‘பொங்கோல் 21’ என்று திட்டம் அறிவித்தார்கள். பண்ணை இருந்த இடத்தில் புளோக்குகள் முளைத்தன. வீட்டுக்காரரின் வேலை அன்றிலிருந்து தேயத் தொடங்கியது. மின்சாரக் கட்டணம் ஜைரோவில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிறது. சம்பள விவரத்தை அலுவலகமே வரி ஆணையத்துக்கு அனுப்பிவிடுகிறது. குப்பையைக் குழாயில் போட்டால் அது தன் வழியைப் பார்த்துக்கொள்கிறது.

இத்தனைக்குப் பிறகும் மிச்சமிருக்கும் வேலைகளை என் மனைவி ஒரு தாளில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். சிவப்பு மையில். அவள் தமிழாசிரியை. என்னைத் திட்டுவதற்கு நீளமான வாக்கியமெல்லாம் அவளுக்குத் தேவைப்படுவதில்லை. குறள் எண்ணைச் சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

“605.”

தேடிப் பார்த்தால், தள்ளிப்போடுவது, மறப்பது, சோம்பிக் கிடப்பது, தூங்குவது ஆகிய நான்கும் கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறும் மரக்கலம் என்றிருக்கும். வசவு வள்ளுவர் வாயிலாக வருவதால் திருப்பிப் பேசவும் வழியில்லை.

அந்தத் தாளைத் தினமும் பார்த்துக்கொண்டே தண்ணீர் குடித்துவந்த காலத்தில்தான், அமெரிக்க எழுத்தாளர் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் செய்த காரியம் எனக்கு ஞாபகம் வந்தது. 2005இல் அவர் எஸ்குவயர் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க்கில் இருந்துகொண்டு, பெங்களூரில் உதவியாளர்களை அமர்த்தினார். மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது, சாமான் வாங்குவது என்று ஆரம்பித்து, மனைவியோடு வந்த மனத்தாங்கலைப் பேசித் தீர்ப்பது வரை அவர்கள் தலையில் கட்டினார். கடைசியில், தனக்காகக் கவலைப்படும் வேலையையும் கொடுத்தார். பெங்களூரில் இருந்தவரும் தட்டாமல் ஏற்றுக்கொண்டார். கவலைப்படவே ஆள் வைத்த அந்த மகானைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டில் எனக்காகக் கவலைப்பட ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரிடமிருந்து தப்பிக்கத்தான் எனக்கு ஆள் வேண்டும்.

ஆளா, இயந்திரமா என்பது அடுத்த கேள்வி. கைப்பேசிக்குள் குடியிருக்கும் உதவியாளர்கள் இப்போது தமிழும் பேசுகிறார்கள், இரவு எட்டரைச் செய்தி வாசிக்கும் தோரணையில். ஆனால் ‘ஆஸ்க் ஜேமி’யின் கதை எனக்குத் தெரியும். மக்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல 2014இல் சிங்கப்பூர் அரசாங்கம் அமர்த்திய மெய்நிகர் உதவியாளர் அது. எழுபதுக்கு மேற்பட்ட அரசாங்க அமைப்புகளின் இணையத்தளங்களில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. 2021 அக்டோபரில், மகளுக்குக் கோவிட் பாசிட்டிவ், என்ன செய்வது என்று சுகாதார அமைச்சின் தளத்தில் கேட்டதற்கு, ஆணுறை அணிந்து பாதுகாப்பாக இருக்கும்படி புத்தி சொன்னது. ‘பாசிட்டிவ்’ என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வேறொரு நோயின் வாசலுக்குப் போய்விட்டது போலும். அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள். அமைச்சு ஜேமியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. என் மாமியாரை நலம் விசாரிக்கும் பொறுப்பை இப்படிப்பட்ட ஒன்றிடம் விட எனக்குத் துணிவில்லை.

ஆகவே ஆள்தான் என்று முடிவாயிற்று. நண்பரின் நண்பர் மூலம் ஒரு தம்பி கிடைத்தார். தமிழ்நாட்டில், தன் வீட்டு மாடி அறையில் கணினியை வைத்துக்கொண்டு, துபாயில் ஒரு பல் மருத்துவர், மெல்பர்னில் ஒரு வீட்டு முகவர் என்று சிலருக்கு வேலை பார்க்கிறவர். மணிக்கணக்கில் சம்பளம். ஊர் எது என்று கேட்டேன். கடலூர் என்றார். எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் இலகு ரயில் நிலையத்துக்கும் கடலூர் என்றுதான் பெயர். மற்றவர்கள் தகுதி பார்த்து ஆள் எடுப்பார்கள். நான் பெயர்ப் பொருத்தம் பார்த்து எடுத்தேன்.

எங்களுக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அதில் அரை மணி, 1982 ஜனவரி முதல் தேதியன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்ததால் கூடியது. நான் காலை ஏழு மணிக்குச் சுறுசுறுப்பாக ஓர் உத்தரவு போட்டால், கடலூரில் அது அதிகாலை நாலரை. என் சுறுசுறுப்பு வீணாகப் போகிறதே என்று மனைவியிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

“அது எப்பருந்து?” என்றாள்.

முதல் நாள் தம்பி ஒரு படிவம் அனுப்பினார். நான் உத்தரவு போடுவேன், அவர் செய்வார் என்று நினைத்திருந்தேன். படிவமோ என்னை விசாரித்தது. என்ன வேலை? எத்தனை நாளைக்கு ஒரு தடவை? முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? எவ்வளவு செலவு வரை நானே முடிவெடுக்கலாம்? எதையெல்லாம் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது? கடைசியாக ஒரு கட்டம்: ‘இதுவரை நீங்கள் இந்த வேலையை எப்படிச் செய்துவந்தீர்கள்?’

இவ்வளவு கூரான கேள்வியை எந்த நேர்முகத் தேர்விலும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஒரு வேலையை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றால், அது முதலில் நம் கையில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நான் தானமாகக் கொடுக்க வந்தது அடுத்தவர் சொத்து.

ஃபிரிட்ஜ் தாளில் முதல் வரி ‘ஏர்கான்’. அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“சார், ஏர்கானுக்கு என்னாச்சு?”

“தண்ணி சொட்டுது, தம்பி.”

“எந்த ரூம்ல சார்?”

எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து எதுவும் சொட்டவில்லை. மனைவிக்குச் செய்தி அனுப்பினேன். பள்ளி இடைவேளையில் பதில் வந்தது: ‘பாப்பா ரூம்ல. கடைசியா சர்வீஸ் பண்ணது தீபாவளிக்கு முன்னாடி. அவர் சனிக்கிழமை வரமாட்டார். ஏணி அவரே கொண்டுவருவார். கீழே இருக்கிற மேசையை நகர்த்திடணும். பழைய துணி நாலு எடுத்து வைங்க.’

அப்படியே எடுத்துக் கடலூருக்கு அனுப்பினேன்.

“சூப்பர் சார். இவ்வளவு தெளிவா யாருமே எழுத மாட்டாங்க.”

பாராட்டை நானே வைத்துக்கொண்டேன். நடுவில் இருப்பவனுக்கு அதுதான் கூலி.

அதற்குப் பிறகு எல்லாம் இதே தடத்தில் ஓடியது. கேள்வி கடலூரில் கிளம்பும். என் கைப்பேசியில் இறங்கி, வண்டி மாறி, மனைவியின் பள்ளிக்குப் போகும். பதில் அதே வழியாகத் திரும்பும். பாப்பாவின் பல் மருத்துவர் யார், என் மூக்குக்கண்ணாடியின் பவர் எவ்வளவு, எனக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று என்னைப் பற்றிய கேள்விகளுக்கும் நான் வண்டி மாறித்தான் பதில் வாங்க வேண்டியிருந்தது. ஆளில்லா ரயில் என்பது பயணிகளின் கண்ணுக்குத்தான் ஆளில்லாதது. எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஆட்கள் திரைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் வீட்டின் கட்டுப்பாட்டு அறை ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், கட்டுரை நோட்டுகளுக்கு நடுவே இயங்கிக்கொண்டிருந்தது.

பெயர்ப் பொருத்தமும் தன் வேலையைக் காட்டியது. சமையலறையில் சிங்க் குழாய் ஒழுகிற்று. ‘கடலூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் நல்ல பிளம்பர் யாராவது இருந்தால் உடனே வரச் சொல்லுங்கள்’ என்று எழுதினேன். சற்று நேரத்தில் உற்சாகமாகப் பதில் வந்தது.

“ஆள் வந்தாச்சு சார். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறார். எந்தப் பக்கம் வரணும்னு கேக்கிறார். ஊருக்கு எப்ப வந்தீங்க சார், சொல்லவே இல்லையே?”

நேராகத் தென்கிழக்கே வரச் சொல்லுங்கள், வங்காள விரிகுடா குறுக்கே வரும், பயப்பட வேண்டாம் என்று எழுதலாம்போல இருந்தது. அன்று முதல் தம்பி ஒரு விதி போட்டார். இனி ‘சிங்கப்பூர்க் கடலூர்’, ‘நிஜக் கடலூர்’ என்று பிரித்து எழுத வேண்டும். எது நிஜம் என்பதில் பொங்கோல்வாசி என்ற முறையில் எனக்கு ஆட்சேபம் உண்டு. ஆனால் பிளம்பருக்கு ஆட்டோக் கூலி கொடுத்திருந்தவர் அவர் என்பதால் வாதாடவில்லை.

ஒப்படைக்கவே கூடாத வேலைகளும் இருக்கின்றன. மத்திய சேம நிதிக் கணக்கைப் பார்ப்பதற்கும், இன்னும் பல அரசாங்கக் காரியங்களுக்கும் சிங்பாஸ் என்ற மின்னடையாளம் வேண்டும். கடவுச்சொல்லைத் தந்துவிட்டால் தம்பியே பார்த்துக்கொள்வாரே என்று எனக்கு ஓர் அருமையான யோசனை தோன்றியது. தடுத்தவர் தம்பிதான். மோசடிக்கு வழிவிடும் விதமாக சிங்பாஸ் விவரத்தைப் பிறருக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கி 2023இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியிருப்பதை, கடலூரில் இருந்துகொண்டு எனக்கு எடுத்துச் சொன்னார். ஆக, கேமராவுக்கு முன்னால் முகத்தைக் காட்டும் வேலை என்னிடமே தங்கிவிட்டது. வீட்டில் என்னைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத ஒரே வேலை.

ஜேக்கப்ஸைப் பின்பற்றிக் கவலையையும் அனுப்பிப் பார்த்தேன். பாப்பாவுக்கு அந்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. சிங்கப்பூரில் அந்தத் தேர்வைப் பிள்ளைகள் எழுதுவார்கள், பெற்றோர்கள் அனுபவிப்பார்கள். ‘தம்பி, எனக்காகக் கொஞ்சம் கவலைப்படுங்கள்’ என்றேன். அவரும் பொறுப்பாகச் செய்தார். வாரக் கணக்கில் தனி வரியாகவே வந்தது: ‘பாப்பா தேர்வு, கவலை, 20 நிமிடம்.’ மனைவி அந்தக் கணக்கை வாங்கிப் பார்த்தாள்.

“நான் இதுவரைக்கும் பில் போடலையே” என்றாள்.

மாமியார் ஜொகூரில் இருக்கிறார். அவர் பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதும் வேலையையும் தம்பிக்கே கொடுத்தேன். ‘என் வணக்கத்திற்கும் பேரன்பிற்கும் உரிய அத்தை அவர்களுக்கு’ என்று தொடங்கி, அவர் எனக்குச் செய்த நன்மைகளையெல்லாம் வரிசைப்படுத்தி, ஏதேனும் பிழை செய்திருந்தால் பொறுத்தருள வேண்டி முடித்திருந்தார். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அனுப்பினேன். மாமியார் உடனே மகளைக் கூப்பிட்டார்.

“மாப்பிள்ளைக்கு டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாங்களா? மறைக்காம சொல்லும்மா.”

சந்தைக் காரியமும் இப்படித்தான் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தைக்குப் போவது எங்கள் வழக்கம். அவள் வாங்குவாள், நான் பைகளைப் பிடிப்பேன். அந்த அலைச்சல் எதற்கு என்று தம்பியிடம் சொல்லி வீட்டுக்கே வரவழைத்தேன். எல்லாம் சரியாக வந்தது, கறிவேப்பிலை உட்பட. பிளாஸ்டிக் உறையில், பார்கோடு ஒட்டி, விலையோடு. தேக்காவில் என் மனைவிக்குக் கறிவேப்பிலை விலைக்கு வருவதில்லை. முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக் காசு கொடுத்தபின் கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பாள். அவர் ஒரு கொத்தை எடுத்துப் பைக்குள் செருகுவார். இதில் பேச்சே கிடையாது. அந்தப் பார்வையை எப்படி எழுதிக் கொடுப்பது? நடந்ததைச் சொன்னதும் தம்பி தன் குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார்: ‘கறிவேப்பிலை: இணையத்தில் வாங்கக் கூடாது. டீச்சர் பார்த்தால் போதும்.’

அன்றிரவு மனைவி, “517” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

தேடிப் பார்க்கும் வேலையைக் கடலூருக்கு அனுப்பினேன். காலையில் பதில் காத்திருந்தது.

“தெரிந்து வினையாடல் அதிகாரம் சார். இந்த வேலையை, இந்த வழியில, இந்த ஆள் முடிச்சிடுவார்னு அலசிப் பார்க்கணும். அப்புறம் அதை அவர்கிட்டயே விட்டுடணும்னு அர்த்தம். ஒரு சந்தேகம் சார். இதுல அந்த ஆள் நானா, நீங்களா?”

மேலாண்மை படித்தவர்கள் தடித்தடியாகப் புத்தகம் போட்டுச் சொல்வதை வள்ளுவர் ஏழு சீரில் முடித்துவிட்டார். இருப்பதே இரண்டு படி. முதலில் அலச வேண்டும். பிறகு விட வேண்டும். நான் வேலையையும் அலசவில்லை, ஆளையும் அலசவில்லை. கொடுத்த பிறகாவது விட்டேனா என்றால், ‘ஆச்சா தம்பி?’, ‘என்ன ஆச்சு தம்பி?’ என்று துளைத்தெடுத்துக்கொண்டிருந்தேன். என் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நேரத்துக்கும் அவர் முறையாகப் பில் போட்டிருந்தார். கணக்கில் பெரிய தொகை அதுதான்.

“அந்தத் தம்பி நம்பரைக் குடுங்க” என்றாள் மனைவி.

கொடுத்தேன். அதோடு வண்டி மாறும் வேலை ஒழிந்தது. அவள் ஒரு காரியத்தை ஒரே ஒரு தடவைதான் சொல்கிறாள். அவர் எழுதி வைத்துக்கொள்கிறார். அடுத்த தடவை கேட்பதில்லை. முடிந்ததும் முடிந்தது என்று ஒரு வரி அனுப்புகிறார். அவளும் ஆச்சா, ஆச்சா என்று கேட்பதில்லை. ஏர்கான்காரர் எப்போது வரவேண்டும் என்பது ஒரு வருடத்துக்கு நிச்சயமாகிவிட்டது. சிங்க்குக்குச் சிங்கப்பூர்க் கடலூரிலிருந்தே ஆள் வந்தார். பாப்பாவின் துணைப்பாட வகுப்பும் நடன வகுப்பும் மோதிக்கொள்வது நின்றது. எல்லாம் ஒழுங்காக நடந்ததில், இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நான் என்பதை அவ்வப்போது நினைவுபடுத்தவேண்டியிருந்தது.

ஆனால் கடலூரில் இருந்துகொண்டு ஒருவரால் சொல்லத்தான் முடியும், தூக்க முடியாது. இது பொங்கோலுக்குப் பழைய சங்கதி. 2021இல் இங்கே காமெல்லோ என்ற பெயரில் இரண்டு இயந்திரங்களை விட்டு, 700 வீடுகளுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோய்க் கொடுக்கவைத்துப் பார்த்தார்கள். அவை பார்த்துப் பதமாக உருண்டு புளோக்கின் கீழ்த்தளம் வரை வரும். வந்துவிட்டேன் என்று கைப்பேசியில் சொல்லும். அங்கிருந்து மாடிக்குத் தூக்கிப்போக, வீட்டிலிருந்து ஒருவர் இறங்கி வரவேண்டும். எத்தனை மூளையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், கடைசியில் இரண்டு கையும் இரண்டு காலும் தேவைப்படுகின்றன. அவை எங்கள் வீட்டில் யாரிடம் சும்மா இருக்கின்றன என்பதைத் தம்பியும் டீச்சரும் கலந்து பேசியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் எனக்குக் காலையிலேயே செய்தி வந்துவிடுகிறது. அந்த இரண்டரை மணி நேர வித்தியாசம் தம்பியை ஒன்றும் செய்வதில்லை. முந்தின இரவே எழுதி, நேரம் குறித்து வைத்துவிடுகிறார்.

“காலை வணக்கம் சார். ஏர்கான்காரர் பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு மேசையை நகர்த்திடுங்க, போட்டோ அனுப்பிடுங்க.”

“சார், பொங்கோல்ல ஏறுங்க. நடுவுல ஒன்பது ஸ்டேஷன். ஃபேரர் பார்க் தாண்டினதும் எழுந்து நின்னுக்கோங்க, லிட்டில் இந்தியா வந்துடும். தேக்காவுல முதல்ல மீன், அப்புறம் காய். கறிவேப்பிலை கேட்டுப் பாருங்க. கொடுக்கலைன்னா விட்டுடுங்க, டீச்சர் அடுத்த வாரம் வாங்கிக்கிறாங்களாம்.”

அவர் சிங்கப்பூர் மண்ணை மிதித்ததில்லை. ஆனாலும் தேக்காவில் எந்தக் கடையில் வாழைத்தண்டு நறுக்கித் தருவார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. என்னை ஏவுவதற்கு வெளிநாட்டில் ஆள் வைத்து, மணிக்கணக்கில் சம்பளமும் நானே கொடுக்கிறேன். ஜேக்கப்ஸ்கூட இவ்வளவு தூரம் போகவில்லை.

மாதக் கடைசியில் தம்பி ஓர் அறிக்கை அனுப்பினார். முடிந்த வேலைக்குப் பச்சை, நடக்கிற வேலைக்கு மஞ்சள், நின்றுபோன வேலைக்குச் சிவப்பு. டீச்சர் என்ற பத்தி முழுக்கப் பச்சை. கடலூர் அலுவலகம் என்ற பத்தியும் பச்சை. சார் என்ற பத்தியைத் திறந்ததும், பாப்பா எட்டிப் பார்த்து, “அம்மா திருத்தினாங்களா?” என்று கேட்டாள். மேசை இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்பது அதில் முதல் வரி. அறிக்கையின் அடியில், ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் மூன்று இலக்கம் மட்டும் இருந்தது.

664.

பொருள் என்னவென்று பார்த்துச் சொல்லும்படி எழுதினேன். பதில் வர வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாமதமானது. டீச்சரைக் கேட்டிருப்பார்போல.

“சார், இது ஒப்படைக்கிற வேலை இல்ல.”